தோள் நோகிறதா? எந்த அசைவில் என்று முதலில் பாருங்கள்

அம்மாவுக்குத் தோள் நோவு எப்போது தொடங்கியது என்று அவருக்கே சரியாக நினைவில்லை. இடியப்ப உரலை அழுத்தும்போது வலது தோள் உளைகிறது என்று ஒருநாள் சொன்னார். நோகிற கையை அசைக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், நானும் அதையே சொன்னேன். பழைய சேலைத் துண்டைக் கழுத்தில் கட்டிக் கையை அதில் தொங்கவிட்டோம். இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை குளித்துவிட்டு வந்தவர் அறைக் கதவைப் பாதி திறந்து, "பிள்ளை, சட்டைக் கொக்கி கொளுவ ஏலாமக் கிடக்கு, ஒருக்கா வா" என்றார். அன்றுதான் அந்தக் கையை ஒழுங்காகப் பார்த்தேன். முதுகுப் பக்கம் கொண்டுபோகச் சொன்னால் இடுப்போடு நின்றுவிட்டது. நான் பிடித்து மெதுவாக நகர்த்தினாலும் நகரவில்லை.

அடுத்த வருடம் எனக்கும் இடது தோளில் நோவு வந்தது. நான் இடக்கைப் பழக்கக்காரி, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல் வரியில் எழுதும்போது வெட்டி இழுக்கும். அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் என்று பயந்து போய்க் காட்டினேன். என்னைப் பார்த்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) இரண்டு நிமிடத்தில் மூன்று அசைவு செய்யச் சொல்லி, இது அது இல்லை என்றார். அந்த மூன்று அசைவையும் வீட்டிலேயே எவரும் செய்து பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

தோளில் நோகும், ஆனால் தோளில் பிழை இருக்காது

கையை எப்படி அசைத்தாலும் நோவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் பிழை வேறு எங்கோ இருக்கலாம். இடது தோளோ கையோ நோக, நெஞ்சில் இறுக்கம், தாடைக்கு ஏறும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், குமட்டல் எதுவும் சேர்ந்து வந்தால் எண்ணெய் தேடாதீர்கள். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சு நோவே இல்லாமலும் மாரடைப்பு வரலாம் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது தோளிலோ தோள்பட்டை எலும்பைச் சுற்றியோ நோவு, கூடவே மேல்வயிற்றிலும் பிடிக்கிறது என்றால் அது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வயிற்றுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளின் உணர்வு நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்தில் இருந்து புறப்படுகின்றன. அதனால் அங்கே உண்டாகும் எரிச்சல் இங்கே நோவாகத் தெரிகிறது. பிள்ளை தங்கியிருக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு அடிவயிற்று நோவோடு தோள் முனையும் நொந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கி உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

மோட்டார் சைக்கிளில் இருந்தோ படியிலோ விழுந்த பிறகு கையைத் தூக்க முடியவில்லை, தோளின் வடிவம் மாறித் தெரிகிறது என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். யாரையும் இழுத்துப் பொருத்த விடாதீர்கள், எக்ஸ்ரே எடுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தாலும், நோவோடு உடம்பு காரணமில்லாமல் மெலிந்தாலும், தோளில் புதிதாக ஒரு கட்டி தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

கண்ணாடிக்கு முன்னால் மூன்று அசைவு

சட்டையைத் தளர்த்தி, இரண்டு தோளும் தெரிய நில்லுங்கள். முதலில் தலையை இடம், வலம், மேல், கீழ் என்று மெல்லத் திருப்புங்கள். கழுத்தைத் திருப்பும்போது தோள் நோவு கூடினால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது, கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தலைக்கு மேலே வரை உயர்த்துங்கள். எந்த உயரத்தில் நோகிறது, எந்த உயரத்தில் விடுகிறது என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். முழங்கையை விலாவோடு ஒட்டி, தொண்ணூறு பாகையில் மடக்கி, முன்கையைக் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திருப்புங்கள். நல்ல பக்கத்தையும் செய்து ஒப்பிடுங்கள். திரும்பாவிட்டால் வேறொருவர் மெதுவாகப் பிடித்துத் திருப்பிப் பார்க்கட்டும். தானாகத் திருப்பவும் முடியவில்லை, மற்றவர் திருப்பினாலும் போகவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கிறது. மற்றவர் திருப்பினால் போகிறது என்றால் மூட்டு சரி, அதை இயக்கும் தசையிலோ, தசையை எலும்போடு பிணைக்கும் நாணிலோதான் பிழை. அம்மாவுக்கு முதலாவது, எனக்கு இரண்டாவது.

"கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கல்லுப் போல இறுகிக் கிடக்குது"

இதுதான் அதிகம் பேருக்கு வருவது, பயப்படத் தேவையில்லாததும் இதுதான். கை எல்லாப் பக்கமும் போகும். அழுத்தினால் ஓரிடத்தில் முடிச்சுப் போல நோகும், பின்னேரம் ஆக ஆகக் கூடும். தையல் மெசினுக்கு முன்னால் குனிந்திருப்பவர்கள், போனை மடியில் வைத்துப் பார்ப்பவர்கள், ஒரே தோளில் பாரமான பையைக் கொழுவுபவர்கள், கொப்பிக் கட்டுத் திருத்தும் என் போன்றவர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

சூடு இதற்கு நன்றாகக் கேட்கும். துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து பதினைந்து நிமிடம் போடுங்கள். நீண்டகாலச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தோலில் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம், வேறொருவர் கையால் தொட்டுப் பார்த்த பிறகு வையுங்கள். திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் மூட்டு நோவு போகும் என்று நம் ஊரில் சொல்வார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் தசையை இளக்கும், அன்றிரவு நல்ல நித்திரையும் வரும். ஆனால் வாளியை அள்ளித் தலைக்கு மேலே தூக்கி ஊற்றும் அசைவு நோகும் தோளுக்கு ஆகாது. கூட வருபவர் ஊற்றட்டும்.

சூட்டுக்குப் பிறகு இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றோடு ஒன்று நெருக்கி ஐந்து வினாடி பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை எழும்பி நடவுங்கள். எந்தத் தைலத்தையும்விட இதுதான் எனக்குப் பலன் தந்தது. தைலம் பூசலாம், தோலில் உண்டாகும் சூட்டுணர்வு நோவை மறக்க வைக்கும். ஆனால் பூசிய இடத்தில் சுடு ஒத்தடம் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

"கையைப் பாதி தூக்கினால் வெட்டுது, முழுக்கத் தூக்கினால் விடுது"

பக்கவாட்டில் தூக்கும்போது ஏறக்குறைய 60 பாகையில் தொடங்கி 120 பாகை வரை நோவு, அதற்கு மேலே குறைவு. நோவு தோளின் வெளிப்பக்கத்தில், மேற்கையின் நடுவரை. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. இது பெரும்பாலும் தோளைச் சுற்றியிருக்கும் நான்கு சிறிய தசைகளின் நாண்களில் வரும் பிழை. மேற்கை எலும்பின் பந்து போன்ற தலையை அதன் குழியில் பிடித்து வைத்திருப்பவை இந்த நான்கும்தான். அவற்றில் ஒன்றின் நாண் தோள் முனை எலும்புக்குக் கீழே இடுக்கான வழியால் போகிறது. கையைத் தோளுக்கு மேலே வைத்து வேலை செய்யச் செய்ய அந்த நாண் களைத்து நொந்து போகும்.

தோள் மட்டத்துக்கு மேலே யார் யார் வேலை செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சுவருக்குப் பெயின்ற் அடிப்பவர், மேசன் வேலை செய்பவர், தம்பலகாமக் குடாவில் வீச்சுவலை எறிபவர், கொடியில் உடுப்புக் காயப் போடுகிறவர், கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்.

முதலில் செய்ய வேண்டியது, அந்த உயரத்தை விடுவது. வேலையையே விடத் தேவையில்லை. நான் பலகையின் கீழ்ப் பாதியில் எழுதத் தொடங்கினேன், மேல் பகுதியைப் பிள்ளைகளே அழித்தார்கள். கொடியை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிக் கட்டலாம். பெயின்ற் உருளைக்கு நீளத் தடி பூட்டலாம்.

வேலை முடிந்து குத்து எடுக்கும் நாளில் ஐஸ் நல்லது. மெல்லிய துணியில் சுற்றிப் பத்து முதல் பதினைந்து நிமிடம். தோலில் நேரடியாக வைக்காதீர்கள். சிறிய போத்தலில் தண்ணீரை உறைய வைத்து எடுத்தால் கைக்கு அடக்கமாக இருக்கும்.

பிறகு பயிற்சி. சுவருக்குப் பக்கவாட்டில், நோகும் தோள் சுவர்ப்பக்கம் இருக்க நில்லுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, புறங்கையைச் சுவரில் வைத்து, வெளிப்பக்கமாக அழுத்துங்கள். கை நகரக் கூடாது, உள்ளே தசை மட்டும் வேலை செய்ய வேண்டும். முழுப் பலத்தோடு வேண்டாம், அரைப் பலத்துக்கும் குறைவாகப் பத்து வினாடி பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு முறை. இரண்டு கிழமை இதில் பழகிய பிறகு, நல்ல பக்கம் சரிந்து படுத்து, முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே சுருட்டிய துவாயை வைத்து, அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு முன்கையை மேலே தூக்கி மெதுவாக இறக்குங்கள். தண்ணீரோடு அந்தப் போத்தல் அரைக் கிலோ வரும், தொடங்க அது போதும்.

பயிற்சியில் கொஞ்சம் நோகத்தான் செய்யும். பத்துக்கு மூன்று நான்கு அளவுக்கு நோகலாம், அடுத்த நாள் காலையில் அடங்கியிருந்தால் சரி. அடங்காவிட்டால் முதல் நாள் கூடச் செய்துவிட்டீர்கள், குறையுங்கள். நாண் மெல்லத்தான் தேறும். ஆறிலிருந்து பன்னிரண்டு கிழமை என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எனக்கு எட்டாவது கிழமையில்தான் நித்திரையில் புரண்டு எழும்பாமல் படுத்தேன்.

படுக்கும்போது மல்லாந்து படுத்து நோகும் முழங்கையின் கீழே மடித்த போர்வை வையுங்கள், கை பின்னால் தொங்காது. சரிந்துதான் நித்திரை வரும் என்றால் நல்ல பக்கம் சரிந்து, ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்து அதன் மேல் நோகும் கையைப் போடுங்கள்.

"கையைப் பின்னால் கொண்டுபோக ஏலாது, தலை இழுக்க ஏலாது"

மூன்றாவது அசைவில் மற்றவர் பிடித்துத் திருப்பியும் போகவில்லை என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு. உறைந்த தோள் என்பார்கள். மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி, தடித்து, சுருங்கிப் போகிறது. பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வரும், பெண்களுக்குக் கூடுதலாக வரும். சீனி வருத்தம் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம், தைரொய்ட் பிழை உள்ளவர்களுக்கும் அப்படியே. இந்த இறுக்கம் தெரிந்தால் சீனியைச் சோதித்துப் பாருங்கள். சிலருக்குச் சீனி வருத்தம் இருப்பதே இப்படித்தான் தெரிய வருகிறது.

முதலில் சில மாதம் நோவு கூடிக்கொண்டே போகும், இரவில் மோசம். பிறகு நோவு குறையும், ஆனால் கை இறுகியே இருக்கும். அப்புறம் மெல்ல மெல்ல இளகும். எல்லாம் சேர்த்து ஒரு வருடத்தில் இருந்து மூன்று வருடம் ஆகலாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் பதினொரு வருடமாக இருந்தது. அதனால் சேலைத் துண்டுதான் இதை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதம் அசையாமல் தொங்கவிட்டது இறுக்கத்தைக் கூட்டியது, அதை என் கையால் பிடித்துப் பார்த்தேன். விழுந்து அடிபடாத தோளைக் கட்டி வைக்காதீர்கள். எத்தனை பேரிடம் இதைச் சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

நோவு கூடிக்கொண்டிருக்கும் காலத்தில் செய்யக்கூடியது ஊசல். நல்ல கையை மேசையில் ஊன்றி, முன்னே குனிந்து, நோகும் கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கையால் ஆட்டக் கூடாது, உடம்பை மெல்ல அசைத்தால் கை தானாக ஆடும். முதலில் தேநீர்க் கோப்பைத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், பிறகு சோற்றுக் கோப்பை அளவுக்கு. ஒன்றிரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. அம்மா இதைக் குசினி மேசையில், அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் செய்வார்.

அடுத்தது தும்புத்தடி. மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கையும் விலாவோடு இருக்க, தடியின் இரு முனையையும் இரு கையாலும் பிடியுங்கள். நல்ல கை தடியைத் தள்ள, நோகும் முன்கை வெளியே திரும்பும். இழுவை தெரியும் இடத்தில் பதினைந்து வினாடி நிறுத்துங்கள், பல்லைக் கடிக்கும் நோவு வரை போகாதீர்கள். முறுக்கி உடைத்தால் இறுக்கம் விடும் என்று சொல்லிப் பலமாக இழுப்பவர்கள் இருக்கிறார்கள். நோவுக் காலத்தில் அப்படி இழுத்தால் உறை இன்னும் வீங்கும். எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவுவதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்த வகை நோவுக்கு மட்டும் நீண்ட நாள் காத்திருக்காமல் டொக்டரிடம் போங்கள். ஆரம்பக் காலத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீரொய்ட் ஊசி நோவைக் குறைத்து, பயிற்சி செய்ய வழிவிடும். சில நாளைக்கு இரத்தச் சீனி ஏறும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

"தோளில் தொடங்கி விரல் வரைக்கும் மின்சாரம் மாதிரி"

முழங்கைக்குக் கீழே போகும் நோவு, விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு எல்லாம் பெரும்பாலும் கழுத்து நரம்பில் இருந்து வருபவை. கையைத் தூக்கி உள்ளங்கையைத் தலை உச்சியில் வைத்தால் நோவு குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் சந்தேகம் உறுதிப்படும். உயரமாக இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் ஒன்றாகக் குறையுங்கள். போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். கையில் பிடித்த கோப்பை நழுவுகிறது, பொத்தான் பூட்ட விரல் வரவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் அதே நாளில் காட்டுங்கள்.

இரண்டு சிறிய இடங்கள்

தோளின் உச்சியில், காறை எலும்பு முடியும் முனையில் ஒரு விரலால் காட்டக்கூடிய நோவு, கையை நெஞ்சுக்குக் குறுக்கே மற்றத் தோளுக்குக் கொண்டுபோனால் கூடுகிறது என்றால் அது அங்கே இருக்கும் சிறு மூட்டு. பாரம் தூக்குவதைச் சில கிழமை விடுங்கள், ஐஸ் வையுங்கள். தோளின் முன்பக்கத்தில் நோவு, வாளி தூக்கும்போதும் தேங்காய் திருவும்போதும் கூடுகிறது என்றால் மேற்கைத் தசையின் நாண். வாளியைப் பாதி நிரப்பித் தூக்குங்கள், திருவலையில் இருக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும்.

ஓர் இரவில் திடீரென்று, கையைத் தொடவே விடாத அளவுக்கு நோவு வந்தால் நாணில் சுண்ணாம்பு படிந்து எரிச்சல் உண்டாகியிருக்கலாம். ஐஸ் வைத்து, காலையில் டொக்டரிடம் போங்கள்.

குளிசை

பனடோல் (பரசிற்றமோல்) 500 மில்லிகிராம், வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு, இடைவெளி குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்றவை பார்மசியில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்துகள் அல்ல. வயிற்றுப்புண், பிரசர், சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அவை கெடுதல் செய்யலாம். மாரி காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உடம்பு நோவோடு காய்ச்சலும் இருந்தால் அது டெங்காக இருக்கலாம், அப்போது இந்தக் குளிசைகளும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும், அடுத்து இரத்தப் பரிசோதனை.

டொக்டரிடம் போகும்போது

இரண்டு மூன்று கிழமை செய்தும் துளியும் மாற்றம் இல்லை, அல்லது நோவு கூடுகிறது என்றால் போங்கள். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, அதனால் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, எந்த அசைவில் நோகிறது, இரவில் எழுப்புகிறதா, விறைக்கிறதா, என்ன குளிசை எத்தனை நாள் போட்டீர்கள், சீனி எவ்வளவு. எல்லாம் சேர்த்து ஏழெட்டு வரி வரும்.

இன்னொன்றும் செய்யலாம். சுவருக்கு முகம் கொடுத்து நின்று, விரல்களால் சுவரில் எறும்பு ஏறுவது போல ஏறி, நிற்கும் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். குசினிக் கதவுக்குப் பின்னால் அம்மாவின் கோடுகள் இன்னும் இருக்கின்றன. முதல் கோடு அவர் நாடி மட்டத்தில். அதற்கு மேலே ஏழு கிழமைக்கு ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடுகள், திகதி எழுத இடமில்லாமல் பக்கத்தில் எழுதியிருக்கிறார். பிறகு ஒரு விரல் அகலம், இன்னொரு விரல் அகலம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தச் சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனோம். டொக்டர் படத்தைப் பெரிதாக்கி, திகதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.